ஓடைக்கரையில் பிடுங்கிய மரவள்ளி

அண்ணே,

இன்று காலை எங்கள் தாமான் குடியிருப்பில் கொசுப்புகை அடித்தார்கள். அந்த எண்ணெய் வாடை சமையலறை வரை வந்ததும் உங்கள் நினைவுதான். ரப்பர் தோட்டத்து ஓடைகளில் மலேரியா எண்ணெய் தெளித்துவிட்டு நீங்கள் திரும்பும்போது, உங்களுக்கு முன்னால் வாடை எங்கள் லயத்து வீடுகளுக்குள் நுழைந்துவிடும். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களைக் கேலி செய்வோம். அந்த வாடைதான் எங்களைக் காப்பாற்றியது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். எண்ணெய் நின்றது, மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை நின்றது, அரிசியும் நின்றது. என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். கையில் இரண்டு வயது மகன். கீழ்லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரைப் புதரையெல்லாம் வெட்டிச் சாய்த்து மரவள்ளி ஊன்றினேன். புதர் போனால் கொசுவும் போகும் என்று சொல்லி மற்ற பெண்களையும் வெட்ட வைத்தேன். ஓடை வெயிலில் பளபளத்தபோது எனக்கு என்ன பெருமை!

இரண்டு மாதத்தில் கீழ்லயமே குளிர்காய்ச்சலில் நடுங்கியது. என் மகனுக்கு இரண்டு முறை வந்துவிட்டது. மூன்றாவது முறை வந்தால் தாங்கமாட்டான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

நீங்களோ அகப்பையும் வெள்ளைப் பீங்கான் தட்டுமாக ஓடை ஓடையாக அலைந்தீர்கள். காலியான எண்ணெய்க் கொட்டகைச் சுவரில் கரியால் ஓடையை வரைந்து, காய்ச்சல் கண்ட வீட்டுக்கெல்லாம் புள்ளி வைத்தீர்கள். காய்ச்சல் உங்கள் மூளைக்கு ஏறிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பிறகு என் வாசலுக்கே வந்து, கரையில் புதர் மறுபடி வளர வேண்டும், மரவள்ளியைப் பிடுங்கிவிடு என்றீர்கள். லயமே கேட்கக் கத்தினேன்.

"எம் புள்ளைக்கு யாரு சோறு போடுவா? நீங்க போடுவீங்களா?"

நீங்கள் கோபப்படவில்லை. "தங்கச்சி, எனக்கும் உறுதியாத் தெரியாதுலா. நீயே வந்து மொண்டு பாரு" என்றீர்கள்.

வந்தேன். மேலே, புதர் மூடிய வளைவில் பத்துத் தடவை மொண்டேன், ஒன்றுமில்லை. என் மரவள்ளிக்குப் பக்கத்தில் முதல் அகப்பையிலேயே கொசுப்புழுக்கள் நெளிந்தன. இந்த ஜாதிக் கொசுவுக்கு வெயில் பட்ட தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்றீர்கள். கிழங்கு விழ இன்னும் எத்தனையோ வாரம். கரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"மேட்டுல என் மரவள்ளிக் கொல்லை இருக்கு. பாதிய நீ எடுத்துக்க" என்றீர்கள்.

மறுநாள் பிடுங்கினேன். நான் பிடுங்குவதைப் பார்த்து மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கினார்கள். மழைக்குப் புதர் மளமளவென்று ஏறியது. காய்ச்சல் அடியோடு போகவில்லை, ஆனால் குறைந்தது. என் மகனுக்கு மூன்றாவது முறை வரவேயில்லை.

அவனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, இப்போது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். காட்டை வெட்டினால் எந்தக் கொசு பெருகும், எந்த ஊரில் காய்ச்சல் வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறான். உங்கள் கரிச்சுவரைப் பற்றிச் சொன்னேன். எத்தனை இடத்தில் மொண்டார், எத்தனை நாளுக்கு ஒருமுறை மொண்டார் என்று குடைந்துவிட்டான். எனக்கு என்ன தெரியும்? நான் கேலி செய்துகொண்டல்லவா இருந்தேன். உங்களிடமே கேட்டிருக்கலாம். நீங்கள் போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது.

போன வாரம் கோலா கெத்திலுக்குப் போய் அண்ணியைப் பார்த்தேன். பேச்சுவாக்கில், அன்று பாதிக் கொல்லையை எனக்குக் கொடுத்தீர்களே என்றேன். அப்போதுதான் அண்ணி சொன்னார்.

"மத்தப் பாதியத்தான் காட்டுப்பன்னி முன்னாடியே தின்னுருச்சே. ஒனக்குக் குடுத்தது மட்டுந்தான் எங்ககிட்ட மிச்சம் இருந்துச்சு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

அப்புறம் எதைச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கீரையும் காட்டுக்கிழங்கும்தான் என்றார்.

உறுதியாகத் தெரியாது என்று நீங்களே சொன்ன ஒன்றை நம்பி, உங்கள் மூன்று பிள்ளைகளின் சாப்பாட்டை எடுத்து என் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த மூன்று பேரும் இன்றைக்கும் என்னை வாய் நிறைய அத்தை என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் பசியில்தான் என் மகன் பிழைத்தான் என்பதை இந்த வயதில் சுமக்கிறேன், அண்ணே. கனமாகத்தான் இருக்கிறது. இறக்கிவைக்க மனமில்லை.