வெள்ளைக் கையுறையும் அப்பாவின் தப்பும்

பெப். 9, திங்கள்
காலையில் கடும் பனி. ஹட்டன் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. பள்ளி பாண்ட் வாத்திய அறையைக் கூட்டியது நானும் மெலோடிகா வாசிக்கும் சாந்தினியும் மட்டும். மெலோடிகா குழாய்களுக்குள் பூஞ்சணம். டிரம் ஒன்றில் தோல் கிழிசல். என்னை விட்டால் அடிக்க ஆளே இல்லையே, கிழிந்தால் என்ன.

போன வருஷத்து அக்காமார் எல்லாரும் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். பள்ளியின் உப அதிபர் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சின்ன வகுப்புப் பிள்ளைங்க சேரலன்னா பாண்ட் வேணாம். விளையாட்டுப் போட்டிக்கு ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுக்குவோம்."

ஸ்பீக்கருக்குப் பின்னால் நடப்பதா? நான் பாண்ட் தலைவி. படிப்பு சுமார், ஓட்டம் அதைவிடச் சுமார். இதுவும் போனால் இந்தப் பள்ளியில் எனக்கு என்ன இருக்கிறது?

பெப். 10, செவ்வாய்
ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குப் போனோம். சாந்தினி மெலோடிகா வாசித்தாள். நான் தொப்பி, வெள்ளைக் கையுறை, காலில் வெள்ளைச் சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு கெஞ்சினேன். கிடைத்தவை:
- "பயிற்சி முடியிறதுக்குள்ள தோட்டத்து பஸ் போயிரும் அக்கா."
- "அம்மா வெள்ளச் சப்பாத்து வாங்கித் தர மாட்டாங்க."
- "வெயில்ல நின்னா கருத்துப் போவேன்."
கடைசிக்காரியை அறையத் தோன்றியது. ஒரு பெயர்கூட இல்லை.

பெப். 11, புதன்
இன்று ஒரு புத்திசாலித்தனம் செய்து தொலைத்தேன். தேயிலைத் தோட்டத்தில் திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்புப் பறை அடிக்கிறார்களே, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாளம் கையிலேயே இருக்குமே. காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக் கேட்டேன். "வீட்டுல தப்பு அடிக்கிறவங்க இருந்தா, அந்தப் பிள்ளைங்க கைய உசத்துங்க."

ஒரு கை எழவில்லை. பின்வரிசையில் சிரிப்பு. தப்பு அடிக்கிறவரைச் சாவுக்குக் கூப்பிடுவார்கள், வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள். அப்படியிருக்க யார் கையை உயர்த்துவாள்? இது எனக்கா தெரியாது?

இடைவேளையில் ஏழாம் வகுப்பு நிரோஷா வந்தாள். வட்டவளைப் பக்கத்துப் பிள்ளை.
"அக்கா, ஒங்க வீட்டுல அடிப்பாங்களா?"
"இல்ல," என்றேன்.
"அப்ப சரி," என்று போய்விட்டாள்.

எங்கள் தோட்டத்திலிருந்து இந்தப் பள்ளிக்கு வருவது நான் மட்டும். அதனால் யாருக்கும் தெரியாது. அப்பாவின் தப்பு எங்கள் லயத்து வரிசை வீட்டின் பரணில் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது.

பெப். 12, வியாழன்
வெட்கமாக இருக்கிறது. அப்பாவிடம் தப்பைக் கேட்டேன்.
"அத அங்க கொண்டு போனா ஒன்னத்தான் பேசுவாங்க. நீ கையுறை போட்டு டிரம் அடிக்கிறல்ல, அது போதும்மா."
அழுதேன். கடைசியில் சாக்கை இறக்கிக் கொடுத்தது அம்மா.

பெப். 13, வெள்ளி
பஸ்ஸில் மடியில் சாக்கு. கண்டக்டர்: "என்ன தங்கச்சி, ரொட்டிக் கல்லா?" ஆமாம் என்றேன். மறுபடி பொய்.

பனிக்குத் தோல் தொய்ந்துவிட்டது. கன்டீன் அடுப்பில் காய்ச்சி எடுத்தேன். கூட்டத்தில் சொன்னேன்: "இது எங்க அப்பாவோடது. முந்தாநாள் கேட்டவகிட்ட இல்லன்னு பொய் சொன்னேன்." அடித்தேன். கேவலமான சத்தம். அதே சிரிப்பு. உப அதிபர் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

நிரோஷா வரிசையை விட்டு வந்தாள். "டிரம் மாதிரி வயித்துல வைக்கக் கூடாது அக்கா. தோளோட சேக்கணும்." எல்லார் முன்னாலும் என் கையைத் திருத்தி வைத்தாள். சிரித்தவர்கள் இப்போது அவளையும் பார்த்தார்கள்.

"ஒரு பிள்ளைதானா?" என்றார் உப அதிபர்.
"எங்க லயத்துல இன்னும் இருக்காங்க சேர். பஸ்ஸுக்கு முந்தி பயிற்சிய முடிச்சா வருவாங்க," என்றாள் நிரோஷா.
"திங்கக்கிழம வரைக்கும் பாப்போம்."
திங்கள் யாரும் வராவிட்டால்? நினைக்கவே பயம்.

பின்னேரம் அதே பஸ். பதற்றத்தில் சாக்கைக் கன்டீனிலேயே விட்டுவிட்டேன். தப்பு மடியில் வெறுமனே. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.
"இதுவா ரொட்டிக் கல்லு?"
"தப்பு," என்றேன். "எங்க அப்பாவோடது."