போர்வைக்கு அடியில்

அன்புத் தம்பிக்கு,

அல்லாஹ்வின் சலாமும் காவலும் உன்மேல் இருக்கட்டும். உம்மாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. உன் மதினி எழுந்து நடமாடுகிறாள், அவ்வளவுதான். நீ எங்கே படுக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று உம்மா என்னைப் பிடுங்கி எடுக்கிறார். ஒளிந்திருப்பவன் விலாசம் எனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். உன் பட்டறைக் கூட்டாளி நெட்டையின் தங்கைக்குத் தெரியும். அவளிடம்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

தலைபோகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தர்காவுக்குள் இரும்புத்தடியோடு புகுந்தீர்களே, அன்று மகான் அவுலியா அடங்கிய கப்ரின் தலைமாட்டில் முதல் அடி அடித்தவன் நீ. அங்கே போர்வை மேடாக இருந்ததே, அது என் தலையடா.

இந்த தர்கா வழியை விட்டு நீ போய் வருஷங்கள் ஆகிவிட்டன, மறந்திருப்பாய். வேண்டுதலோடு வருகிறவன் குனிந்தால், கப்ரின் மேலுள்ள போர்வை ஓரத்தைத் தூக்கி அவன் தலைமேல் போடுவார்கள். உள்ளே இருந்தபடி மனத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும். லுஹர் தொழுகை முடிந்து ஆள் ஓய்ந்த நேரம் அது. காவல்காரர் சாப்பிடப் போயிருந்தார், கரண்டும் இல்லை. அழுவது யாருக்கும் தெரிய வேண்டாமென்று சுவர்ப் பக்கமாக முழு உடம்பையும் உள்ளே நுழைத்துக்கொண்டேன்.

"இந்தக் கல்லாடா உங்களுக்குக் குடுக்கும்?" என்று ஒரு கத்தல். உன் குரல் எனக்குத் தெரியாதா? வாயைத் திறப்பதற்குள் தடி இறங்கிவிட்டது. இடது கண் போய்விட்டது. அந்தப் பக்கக் காதில் எப்போதும் ஒரு இரைச்சல். பல்லையும் ரத்தத்தையும் துப்பிவிட்டுத் தம்பி என்றேன். பச்சைத் துணி கறுப்பதைப் பார்த்ததும் நீங்கள் ஓடிவிட்டீர்கள்.

ஆளைப் பார்த்தாயா என்று போலீஸ்காரர் கேட்டார். "தலை உள்ள இருந்துச்சு சார், எப்படிப் பாக்குறது?" என்றேன். பொய்யில்லை பார்.

அன்று நான் கேட்கப் போகவில்லை, விடைபெறப் போனேன். உன் மதினிக்கு இந்தக் கருவும் கலைந்துவிட்டது. அவுலியாவே, இத்தனை வருஷம் உங்களிடம் பிள்ளை கேட்டேன், உங்களுக்குக் காது கேட்கிறதா என்றே தெரியவில்லை, இனிமேல் படைத்தவனிடமே கேட்டுக்கொள்கிறேன் என்று அவுலியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ வாய் வலிக்கச் சொன்ன அதே பேச்சு! முடிக்க விட்டாயா, பாவி?

இப்போது ஊரே என்னை வந்து தொட்டுப் பார்க்கிறது. "அவுலியாதான் உன் மண்டையப் பொளக்காம காப்பாத்திட்டாரு" என்கிறார் கறிக்கடைக்காரர். போர்வையைத் தைத்த தையல்காரன் நான். ஜரிகை சுருங்காமலிருக்க ஓரத்தில் பஞ்சு வைத்து அடித்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது. சொன்னால் என்ன அடக்கம், என்ன அடக்கம் என்கிறார்கள். தலையிலடித்துக்கொள்ளவும் இப்போது தலை தாங்காது.

அதே கறிக்கடைக்காரர் ஆட்களோடு உன் பட்டறைக்குப் போய் லேத்தை உடைத்தார். நெட்டையின் வலது கையை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் வைத்து, எலும்பு நொறுங்கும்வரை முறுக்கினார்கள். நீ எங்கே என்று கேட்டுக் கேட்டு முறுக்கினார்களாம். அவன் சொல்லவில்லை. அல்லாஹ்வின் பெயரை ஓதும் திக்ரில் என் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்து அழுகிறவர்கள்தான் இவர்கள் எல்லாரும்!

எங்கள் குரு ஷெய்கிடம் போய்க் கேட்டேன். "எல்லாம் அவன் நாட்டம், பொறுத்துக்கப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டார். குளிப்பாட்டுகிறவர் கையில் உயிர் போன மையித்து கிடப்பதுபோல் ஷெய்கின் கையில் கிடக்க வேண்டும் என்றுதான் அவர் கைபிடித்து வாக்குக் கொடுத்தேன். மையித்துக்குக் கேள்வி கிடையாது. எனக்கு இருக்கிறது. எழுந்து வந்துவிட்டேன். ஆனாலும் அந்த திக்ரில் நெஞ்சு இளகியதைப் பொய்யென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

உன் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அல்லாஹ் ஒருவன் என்பதற்கு இரும்புத்தடியா சாட்சி?

வெள்ளிக்கிழமை மிச்சத்தையும் உடைக்க வரப்போகிறீர்கள் என்று நெட்டையின் தங்கை சொன்னாள். அது இவர்கள் காதுக்கும் எட்டிவிட்டது. கறிக்கடைக்காரர் கடையில் மாடு வெட்டும் கத்திகள் எல்லாம் சாணை பிடித்துத் தயாராக இருக்கின்றன. வராதே. உன்னைக் கண்டதுண்டமாக வெட்டிப் போடுவார்கள். வர வேண்டுமானால் பகலில், வெறுங்கையோடு, என் வீட்டு வாசலுக்கு வா. ஒரு அறை விடுவேன், பிறகு சேர்ந்து சாப்பிடலாம்.

இன்னொன்று. என்னை அடித்தது யார் என்று உம்மாவிடம் நான் சொல்லவில்லை. உன்னை அல்லாஹ் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமென்று தினமும் லுஹருக்குப் பிறகு உம்மா தர்காவுக்குப் போகிறார். கிழிந்த போர்வையை நான்தான் தைத்துக் கொடுத்தேன். அதற்குள் தலையை வைத்துக்கொண்டு அழுகிறார். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்று காலைப் பிடித்தும் பார்த்துவிட்டேன். "எம் புள்ளைக்காகப் போறேன், நீ யாருடா தடுக்க?" என்கிறார்.

அல்லாஹ் உன் கையைக் காக்கட்டும். நான் சொல்லியும் கேட்காமல் வந்தாயானால், அடிப்பதற்கு முன் போர்வையைத் தூக்கிப் பார்.

உனக்காக துஆ செய்யும்,
உன் அண்ணன்