ஏழாவது கரைசல்

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு முதுகுவலி இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் இன்னும் சௌக்கியமாக இருப்போம். அப்பாவுக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. கட்டுப் பிரித்த அன்றே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரெல்லாம் இவ்வளவு அழுக்கா, சோப்பு ஆராய்ச்சி செய்கிறவள் வீடா இது என்று கேட்டார். சொட்டு மருந்தை நான்தான் விடுகிறேன், அதற்குள் ஆயிரம் ஆர்ப்பாட்டம். உன் தம்பி வீடு மாறிவிட்டான். புது வீட்டில் வெளிச்சம் நன்றாக வருகிறதாம், தண்ணீர்தான் வரவில்லையாம்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். போன மாதம் மூன்று தடவை பேசினோம், மூன்று தடவையும் ஒரே கேள்வி கேட்டாய், “அம்மா, அந்தக் காலத்துல உங்கிட்ட எத்தனை என்.எம்.ஆர். குழாய் இருந்துச்சு?” என்று. கரைசலை ஊற்றிக் கருவிக்குள் இறக்கும் அந்த மெல்லிய கண்ணாடிக் குழாய் ஆறுதான் என்றேன். உடனே அப்பாவின் கண்ணை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாய். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். என்னிடம் படித்துவிட்டு இப்போது உன் பக்கத்து மேசையில் வேலை பார்க்கிறானே நெட்டை, அவன்தான் போட்டு உடைத்தான். “மேடம், அவ கட்டுரை எழுதி முடிச்சு ஏழு மாசமாச்சு, அனுப்பாமலே வச்சிருக்கா. உங்க முகடு வரலைன்னு அதுல இருக்கு” என்றான். வருகிற மார்ச்சில் உன் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம், அதற்குள் இந்தக் கட்டுரை வராவிட்டால் கஷ்டமாம். அவன்மேல் கோபப்படாதே, நான்தான் வாயைப் பிடுங்கினேன்.

அன்று மதியமே பழைய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கருவி அறையில் போய் உட்கார்ந்தேன். அந்த முகட்டை வைத்துத்தானே எனக்கு வேலையே கிடைத்தது. சோப்பு மூலக்கூறுகள் தண்ணீரில் கூட்டம் கூடும்போது சிலது தலைகீழாக நிற்கின்றன, அதனால்தான் கருவி வரையும் நிறமாலைக் கோட்டில் அந்தச் சின்ன முகடு எழுகிறது என்று எழுதினேன். இருபத்திரண்டு வருடமாக எல்லோரும் நம்பினார்கள், என் முதுகுக்குப் பின்னால் ‘முகட்டு மேடம்’ என்று சொல்வதும் எனக்குத் தெரியும். மொத்தம் பன்னிரண்டு கரைசல், நீர்த்ததிலிருந்து அடர்ந்தது வரை வரிசையாக. முதல் ஆறும் நன்றாக உலர்ந்த குழாயில் போயின. ஏழாவதற்குக் குழாய் இல்லை, நேரமும் இல்லை, அடுத்து கருவிக்குக் காத்திருந்தவர் கதவருகே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயன்படுத்திய குழாயையே கழுவி, சீக்கிரம் காயட்டும் என்று அசிட்டோனால் அலசி, உதறி, அப்படியே கரைசலை ஊற்றினேன், மீதி ஐந்துக்கும் அதேதான். ஏழாவதிலிருந்து முகடு வந்தது. மூலக்கூறுகள் கூட்டம் கூடிவிட்டன என்று துள்ளிக் குதித்தேன். இப்போது அதே கரைசலைப் புதிதாகக் கலக்கி, ஒரு நாள் முழுக்க உலர்த்திய குழாயில் வைத்துப் பார்த்தேன், முகடு இல்லை. ஒரு துளி அசிட்டோன் விட்டேன், அதே இடத்தில் ஊசி மாதிரி எழுந்து நின்றது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லும் பாடமே குழாயைக் காயவை என்பதுதான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். “அப்ப இத்தனை வருஷமா நீ பாத்தது பாத்திரம் சரியா கழுவாததயா?” என்றவர், நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். பொய் சொல்லமாட்டேன், வலிக்கிறது. ஆனால் அம்மா இதைத் தாங்கமாட்டாள் என்று நீ நினைத்தாயே, அதுதான் அதைவிட வலிக்கிறது. ஏழு மாதம் இதை மனசுக்குள்ளேயே பூட்டிவைத்துக்கொண்டு எப்படியடி இருந்தாய், வாயாடி? எனக்காக உன் வேலை போனால், அந்த முகட்டை நான் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்?

கட்டுரையை இன்றே எடு. ‘முந்தைய ஆய்வு ஒன்றில்’ என்று பூசி மெழுகாதே, என் பெயரைப் போடு. அசிட்டோன் விட்டு எடுத்த படங்களை இதோடு வைத்திருக்கிறேன், அவற்றையும் சேர்த்துக்கொள். நீ அனுப்பியதும் நானும் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதுகிறேன். நாற்காலிக்கு ஒரு மெத்தை வாங்கு, நின்றபடியே சாப்பிடாதே.

நீ நீண்ட ஆயுளோடு, எடுத்த காரியமெல்லாம் ஜெயித்து, மனநிறைவோடு இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். கடைசியாக ஒன்று. உனக்கு எழுதக் கை வராதது அந்த ஒரு வரிதான் என்று எனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், நீ எழுது. ‘அந்த முகடு சோப்பினுடையது அல்ல, சரியாக உலராத குழாயில் தங்கிய அசிட்டோனுடையது. அந்த ஆய்வின் முடிவு தவறு.’ எழுதிவிட்டாயா? அவ்வளவுதான் கண்ணு. அனுப்பு.

உன்னைப் பெற்றதில் பெருமைப்படும்,
அம்மா