மூன்று ஊருக்கும் நடுவில்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

முழங்கால் வலி தேவலையா? நம் பக்கத்துக்கு ஒரு சமுதாயக் கல்லூரி வந்தேவிட்டது. அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எந்த ஊரில் வைப்பது என்றுதான் மூன்று ஊர்க்காரர்களும் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் சர்வேயர் வரைபடத்தை விரித்து, நூல் பிடித்து நடுவை அளந்தார். அது பழைய செங்கல் சூளையில் போய் விழுந்தது. "யாருக்கும் கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்றார். எல்லோரும் கைதட்டினோம். குழுவின் செயலாளர் நானாயிற்றே, நான்தான் முதலில் தட்டினேன்.

செவிலியர் உதவியாளர் படிப்பை உன்னை நினைத்துத்தான் சேர்த்தேன். விண்ணப்பம் இத்துடன். சாக்குப்போக்கு சொல்லாதே.

உன் தம்பி

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

நாற்பத்தொரு வயதில் எனக்கென்று ஒரு விண்ணப்பம்! சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் காட்டினேன். இன்னும் நாலு பேர் சேர்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேருமாக உன் சூளையைப் பார்த்துவிட்டு வந்தோம். பஸ் கூட்டுரோட்டோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஒரு மணி பத்து நிமிட நடை. எங்களுக்கு வேலை முடிவது நாலு மணிக்கு, உன் வகுப்பு ஐந்தேகாலுக்கு. "நாம படிக்கப் போறோமா, ஓட்டப்பந்தயத்துக்குப் போறோமா?" என்றாள் இஸ்திரி போடுகிறவள். மூன்று ஊர் பஸ்ஸும் வந்து நிற்கிற நம் பஸ் நிலைய மாடியில் நாலு அறை பூட்டிக் கிடக்கிறதே, உங்கள் நூலுக்கு அது எட்டவில்லையா?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்கா,

நீ சொல்வது நியாயம்தான். ஆனால் பஸ் நிலையம் என்று வாயைத் திறந்தாலே "உங்க ஊருக்கே கொண்டுபோறியா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். உன் கேள்வியைக் குழுவில் கேட்டேன், அதனால் இடத்துக்கு வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு வைத்துவிட்டார்கள். மூன்று பேர் சூளைப் பக்கம், மூன்று பேர் பஸ் நிலையப் பக்கம், மிச்சம் என் ஓட்டு. நான் என்னதான் செய்வேன்? சூளைக்குப் பஸ் விடுவார்கள். ஒரு இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்ளேன்.

தொடக்க விழாவில் உன்னைப் பற்றிப் பேசப்போகிறேன். தம்பி படிக்கட்டும் என்று பள்ளியை விட்ட அக்கா. முன்வரிசையில் நீ இருக்க வேண்டும்.

உன் தம்பி

மார்ச் 25

தம்பிக்கு,

எனக்குக் கோபம், அதனால் நேராகவே எழுதுகிறேன். நான் பள்ளியை விட்ட அன்று அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டு வருஷம் பொறுத்துக்கம்மா." பொறுத்தேன். அது இருபத்தைந்து வருஷமாகிவிட்டது. இப்போது நீயும் அதே இரண்டு வருஷத்தைக் கேட்கிறாய்.

ஓட்டு உன் இஷ்டம். ஆனால் மேடையில் என் கதையைச் சொல்லாதே. நான் வர முடியாத இடத்தில் என் கதை மட்டும் போய் உட்கார வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பஸ் நிலையத்துக்கு ஓட்டுப் போட்டேன். கைதட்ட ஒருவரும் இல்லை. மருத்துவமனை உள்ள ஊர்க்காரர்கள் அப்படியே எழுந்து போய்விட்டார்கள். பயிற்சிக்கு அந்த மருத்துவமனையைத்தான் நம்பியிருந்தோம். அதனால் செவிலியர் படிப்பு இல்லை என்றாகிவிட்டது. உன் படிப்புத்தான், அக்கா. மிஞ்சியது கணக்குப்பதிவும் மின்பணியும். என்னைச் செயலாளர் பதவியிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மூன்று கடிதம் கிழித்தேன். என்னை மன்னிப்பாயா?

உன் தம்பி

ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

பதில் போடாமல் இருந்தது வேண்டுமென்றேதான். ஒரு வாரம் அழுதேன், மறுவாரம் உன்னைத் திட்டினேன். அப்புறம் மாடிப்படி ஏறிப் போய் மின்பணிக்குப் பெயர் கொடுத்தேன். "அதுல பொம்பளைங்க யாரும் இல்லையேம்மா" என்றார் குமாஸ்தா. "இப்போ இருக்காங்க, எழுதிக்குங்க" என்றேன். மற்ற நாலு பேரும் கணக்குப்பதிவில்.

நேற்று ஒரு ஸ்விட்ச் போர்டைக் கழற்றி மாட்டினேன். விளக்கு எரிந்தது. அணைத்து அணைத்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

உன்மேல் கோபம் முழுசாகத் தீரவில்லை, மெதுவாகத் தீரும். பதவி போனதற்காகச் சாப்பிடாமல் கிடக்காதே. நிறைய எழுத வேண்டும், ஆனால் மணி ஐந்து. வகுப்புக்கு ஓடுகிறேன்.

உன் அக்கா