மாமா டாக்டரிடம் சொன்ன பதில்

என்னவருக்கு,

ராஜபாளையத்தில் டயாலிசிஸ் முடிந்த அன்று டாக்டரிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: மாமாவுக்கு இன்னும் சிறுநீர் போகிறது.

போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே இருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட குழாய் வழியாகக் கிருமி தொற்றி அவருக்குக் காய்ச்சல். சிறுநீர் போகிறதா என்று டாக்டர் கேட்டார். உங்கள் அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு சார்" என்றார். அதை நம்பி ஆன்டிபயாடிக் ஊசியைக் குறைந்த அளவில் எழுதினார்கள். ராத்திரி அவர் சிறுநீர் கழிக்கும் பிளாஸ்டிக் கேனைக் காலையில் கொட்டிக் கழுவுவது நான்தான். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மடவார் வளாகம் வீட்டுக்குத் திரும்பியதும், டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "ஏட்டி, மாமனார் ஒண்ணுக்குப் போற கதைய மருமக பேசுனா, பொறவு அவிய உன் கையால சோறு வாங்கித் திம்பாகளா?" என்றார்.

போனில் தேடிப் படித்துப் பார்த்தேன். சிறுநீர் போகிறவருக்கு மருந்தும் அதோடு வெளியேறுமாம், குறைந்த அளவு பத்தாமல் போகலாம். கூட்டினாலோ, சில மருந்துகள் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடுமாம். சொல்வது நல்லதா, சொல்லாமல் இருப்பது நல்லதா என்றே எனக்குக் குழம்பிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா?

காய்ச்சல் இறங்கவில்லை. அடுத்த டயாலிசிஸில், மாமா படுத்திருக்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரத்தத்தைச் சோதித்து மருந்தைக் கூட்டினார்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டது. இந்த வாரம் சிறுநீர் நின்றுவிட்டது. மருந்தாலா, நோயாலா என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் மனைவி