மார்சேயிலிருந்து ஒரு குரல்

ஜூன் 10, செவ்வாய்

திரைப்படக் கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அவர்கள் எடுக்கச் சொல்லும் பத்து ஆவணப்படங்களில் என்னுடையதும் ஒன்று. ஆகஸ்ட் கடைசிக்குள் முடிக்க வேண்டும். ஐந்து வருடமாக ஊரார் கல்யாண வீடியோவையே வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் கலைவாணிக்கு ஒரு சொந்தப் படம்! ஸ்டூடியோவில் யாரிடமும் சொல்ல வாய் வராமல் மாடிப்படியில் இரண்டு தரம் ஏறி இறங்கினேன்.

படம் அலெக்சாண்டர் அண்ணனைப் பற்றியது. முதலியார்பேட்டையில் எங்கள் ஸ்டூடியோவுக்கு அடுத்த கடை. படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறார். நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. மார்சேயில் இருக்கும் சோபி என்ற நர்சோடு பதினான்கு மாதமாகப் போனில் பழக்கம். இங்கிருந்து பிரான்சுக்குப் போன குடும்பத்துப் பெண்ணாம். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஆகஸ்ட் 15 மாதா பண்டிகைக்கு வருகிறாள். விமான நிலையத்தில் இருவரும் முதல்முறை பார்த்துக்கொள்வதுதான் என் கடைசிக் காட்சி. நினைத்தாலே கை பரபரக்கிறது.

ஜூன் 22

முதல் நாள் படப்பிடிப்பு. கேமராவுக்கு அறிவுமதி. கல்யாணங்களில் என்னோடு வேலை செய்பவன், சொன்னதும் வந்துவிட்டான். அண்ணன் கண்ணாடி அறுத்துக்கொண்டே சோபியைப் பற்றிப் பேசினார். வெட்கத்தில் கண்ணாடி கோணலாகப் போய்விட்டது. அது எத்தனை அழகான ஷாட்!

சோபி அனுப்பிய குரல் செய்திகள் இருநூற்றுப் பதினான்கு. "எல்லாத்தையும் எடுத்துக்கோ கலை, எங்கிட்ட ஒளிக்க ஒண்ணுமில்ல" என்று போனையே கொடுத்துவிட்டார்.

ஜூலை 6

தினமும் சோபியைக் கேட்கிறேன். லேசாகக் கரகரத்த குரல். சமையல், அங்கே அடிக்கும் காற்று, ஒரு கிழவிக்குத் தலை வாரிவிட்டது... நடுநடுவே நன்றி சொல்ல "மெர்சி, அலெக்ஸ்". எனக்கே பிடித்துப்போய்விட்டது. முகம் தெரிவது அண்ணனுக்கு அனுப்பிய ஒரு போட்டோவில்தான். வீடியோவில் மட்டும் வருவதே இல்லை, எப்போதும் டியூட்டி. அறிவுமதிக்குச் சந்தேகம். காசு பறிக்கிற கும்பலாக இருக்கும் என்கிறான். ஆனால் இதுவரை எதுவும் கேட்டதில்லையே.

ஆகஸ்ட் 2, சனி

இதை இப்போதே எழுதிவிட வேண்டும்.

நூற்று எண்பத்தெட்டாவது செய்தியின் இரைச்சலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். சோபி பேசப் பேச, அடியில் ஏதோ ஒலிபெருக்கி. அவள் குரலைக் குறைத்து அதை மட்டும் ஏற்றினேன். "பிள்ளைச்சாவடி ஊர்ப் பொதுமக்கள் கவனத்திற்கு... காற்று பலமாக இருப்பதால் நாளை யாரும் கடலுக்குப் போக வேண்டாம்..."

எது மார்சேய்? ஈசிஆர் ரோட்டில் பஸ் ஏறினால் அரை மணி நேரம்!

அறிவுமதியை உடனே வரச்சொல்லிக் கேட்க வைத்தேன். நாளைக்கே போகிறோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிள்ளைச்சாவடியில் பெரிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. பிரான்சில் இருந்து வந்தவர் யாராவது உண்டா என்று டீக்கடையில் கேட்டதும், கோயிலுக்குப் பின்னால் ஆனந்தமேரி வீடு என்று கை காட்டினார்கள். பதினோரு வருடம் மார்சேயில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டவராம். கிழவி செத்ததும் திரும்பி வந்துவிட்டாராம்.

கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து, "யாரு?"

அந்த ஒரு சொல் போதும். ஒன்றரை மாதமாக என் காதுக்குள் இருந்த குரல்.

வெளியே வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் பாதி தைத்த ஜாக்கெட். சுவரில் சட்டமிட்ட படம்: சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, அவள் தோளில் கை போட்டபடி நம்ம ஊர் முகத்தோடு ஒரு இளம்பெண். அண்ணன் போனில் இருக்கும் சோபியின் முகம்! அது யாரென்று கேட்டேன். அங்கே கிழவிக்கு ஊசி போட வந்த நர்ஸ் என்றார். ஜாக்கெட் தைக்க வந்ததாக ஏதோ உளறிவிட்டு வெளியே வந்தேன்.

கும்பல் இல்லை, பணம் இல்லை. ஒரே ஒரு பெண் தனியாக இருக்கிறாள். இதைவிடப் பெரிய படம் யாருக்குக் கிடைக்கும்?

ஆகஸ்ட் 4

அண்ணனிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். விமான நிலையத்தில் பூவோடு நிற்பார். எல்லாரும் வெளியே வருவார்கள், சோபி வரமாட்டாள். அந்த முகம்...

அறிவுமதி கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டான். "அவரு ஒடஞ்சி போறத நின்னு எடுக்கப்போறியா கலை? எனக்கு வேணாம்." போய்விட்டான். போகட்டும். நானே எடுக்கத் தெரிந்தவள்தான்.

ஆகஸ்ட் 9

நேரு வீதியில் அண்ணனுக்குச் சட்டை எடுத்தோம். நீலமா வெள்ளையா என்று என்னைக் கேட்டார். நீலம் என்றேன். நல்ல வெளிச்சம்.

ஆகஸ்ட் 10

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார். எடுத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொல்லிட்டேன்.

வெள்ளையடித்த அறையில் உட்கார வைத்துக் கடைசிப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். நான் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டார். "கலை, என்னைவிட நீதான் அவ குரல அதிகம் கேட்டிருக்க. அவளுக்கு நெசமாவே என்னப் புடிக்குமா?"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். ஒலிபெருக்கி, பிள்ளைச்சாவடி, ஆனந்தமேரி, அந்தப் படம் – எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

சோபியைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன்.

"எத்தன நாளா தெரியும்?"

"ஒம்போது நாளாண்ணா."

"அவ ஏன் பொய் சொன்னான்னு அவளையே கேட்டுக்கறேன். ஒம்போது நாளா நீ எதுக்குச் சிரிச்ச?"

ஏன் சிரிச்சேன்? படத்துக்காகவா? அதுக்குப் பேரு என்ன?

ஆகஸ்ட் 15

கோயிலில் கூட்டம். அண்ணன் கடை பூட்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 20

கழகத்துக்கு எழுதிவிட்டேன், படம் வராது என்று. அறிவுமதி டீ வாங்கிக் கொடுத்தான்.

ஆகஸ்ட் 30, சனி

அண்ணன் ஸ்டூடியோவுக்கு வந்தார். பதினெட்டு நாளுக்கு அப்புறம்!

அந்த ஒன்பது நாளில் எடுத்ததைக் காட்டச் சொன்னார். சட்டை, வெள்ளையடிப்பு எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தார். ஓரிடத்தில் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துவிட்டார். பிறகு, "அழிச்சிடு" என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தேன்.

எழுந்திருக்கும்போதுதான் சொன்னார். நான் சொன்ன அன்றைக்கு மாலையே பிள்ளைச்சாவடிக்குப் போனாராம். அவர் யாரென்று தெரிந்ததும் அந்த அம்மா அழவில்லை, ஒளியவில்லை. "மூஞ்சி மட்டுந்தான் பொய். பேசினது பூரா நாந்தான்" என்றாராம். இவர் வாசலோடு திரும்பிவிட்டார். பத்து நாள் கழித்து மறுபடி போனாராம். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 12

அண்ணனிடமிருந்து செய்தி: "ஞாயித்துக்கெழம பிள்ளைச்சாவடிக்குச் சாப்பிட வா. கேமரா வேணாம்."

இரண்டு நாள் எப்படிப் போகும்? அறிவுமதியிடம் நாலு தரம் படித்துக் காட்டிவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வஞ்சிரக் குழம்பு. அண்ணன் நீலச் சட்டையில் இருந்தார், பரிமாறியதும் அவர்தான். ஆனந்தமேரி அக்கா அவரை "ரசம் எங்க வெச்ச?" என்று அதட்டினார், அவரும் தேடினார்.

நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஜாக்கெட் தைக்க வந்த பொண்ணு. எங்கொரல எத்தன தடவ கேட்டிருப்ப?"

"நூறு தடவைக்கு மேல இருக்கும்க்கா."

"அப்பச் சரி. இனிமே கொஞ்ச நேரம் நீ பேசு, நான் கேக்கறேன்."

பேசினேன்.