சமையலறையிலிருந்து ஒரு பதில்

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன்; முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே நீ அழுகிறாய், நீ அழுதால் நானும் அழுகிறேன், சொல்ல வந்தது அந்தரத்தில் நின்றுவிடுகிறது. இதையாவது கடைசிவரை படி.

போன வாரம் அப்பாவின் கம்பெனியில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். ஸ்பீக்கர்களைப் போட்டுக் கேட்பார்களே, சுவரெல்லாம் கனத்த திரை தொங்கும் அறை, அங்கேதான். என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பத்திரிகையில் ஸ்பீக்கர்களைப் பற்றி எழுதுகிறவர் ஒருவர், அப்பா செய்த ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டுக்கு முன்னால் பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும் என்றார். உண்மைதான். இன்னொருவர், ஊசி விழுந்தால் எந்த ஊசி என்று சொல்லிவிடுகிற காது அது என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காஸ் தீர்ந்துபோச்சு என்று தொண்டை கிழியக் கத்தினாலும் விழாத காது அல்லவா அது! கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மேடையில் என்னைப் பேசச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். பேசியிருந்தால் வீடு தேடி அலைந்த கதையைச் சொல்லியிருப்பேன். குழாயில் தண்ணீர் வருமா, சமையலறையில் வெளிச்சம் இருக்குமா என்பது என் கவலை. அப்பாவோ போகிற வீட்டிலெல்லாம் கூடத்தின் நடுவில் நின்று கையைத் தட்டிவிட்டு, எதிரொலி எப்படி வருகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது இருக்கிற இந்த வீட்டின் சொந்தக்காரர் பயந்துபோய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். அப்புறம் இதே வீட்டில்தான் நான் ஆசையாக வாங்கிய கம்பளியை வெட்டி, சத்தம் அதிராமல் இருக்கவேண்டும் என்று பெட்டிக்குள் திணித்தார். குளிர்காலம் வந்ததும், "பெட்டியையே கட்டிப் பிடிச்சிக்கிட்டுத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் எதை மறந்தாலும் அந்தச் சமையலறைப் பரீட்சையை நாம் மறக்க முடியாது. என்னை மொட்டை மாடியில் நிறுத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது பேசு" என்பார். அறைக்குள் பேசினால் அறையின் சத்தமும் குரலோடு ஒட்டிக்கொள்ளுமாம். மைக்கைப் பார்த்தால் எனக்கு என்ன வரும்? திட்டுதான் வரும். பக்கத்து வீட்டில் நாங்கள் சண்டை போடுகிறோம் என்றே நினைத்தார்கள். அந்தக் குரலைப் பதிவுசெய்து, புதுப் பெட்டியில் போட்டுக் கூடத்தில் ஓடவிடுவார். சமையலறையில் இருக்கும் நீ ஏமாந்துபோய்ப் பதில் சொன்னால் பெட்டி தேறியது. சொல்லாவிட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. மறுபடி திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்.

ஒரு நாள் நீ என் பக்கத்தில் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தாய். கூடத்திலிருந்து என் குரல், "கண்ணு, கதவைச் சாத்து, பூனை வந்துடும்" என்றது. என் தோளை உரசிக்கொண்டு நிற்கிற நீ, கூடத்தைப் பார்த்துத் திரும்பி, "சாத்திட்டேம்மா" என்றாய்! அப்பா உள்ளே ஓடிவந்து மாவுக் கையோடு உன்னைத் தூக்கிச் சுற்றினார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தப் பெட்டிதான். உனக்குக் கல்யாணமாகிப் போன பிறகும், நீ விடுமுறைக்கு வரும்வரை பெட்டிகளை நிறுத்தி வைப்பார். கம்பெனியில் அவசரப்படுத்தினால், "பாஸ் போடுற ஆளு ஊர்ல இல்ல" என்பார். இது உனக்குத் தெரியுமோ என்னவோ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர் கடைசியாகச் செய்துகொண்டிருந்த பெட்டி ஜோடியை, அவரோடு வேலை செய்த என்ஜினீயர் தம்பி முடித்துவிட்டது. கூட்டம் முடிந்த மறுநாள் கம்பெனித் தச்சரும் அந்தத் தம்பியும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார்கள். வழக்கமான இடம்தான், ஜன்னலை விட்டுத் தள்ளி. தச்சர் விரல் முட்டியால் பெட்டியைத் தட்டிக் காட்டினார், அப்பா செய்வதுபோலவே. "மீட்டர்ல எல்லாம் சரியா வருதும்மா. ஆனா சாரோட பேரைப் போட்டு வெளியே விடணும்னா அந்தப் பரீட்சை நடக்கணும். நடக்காம போட எனக்குக் கை வரல" என்றது அந்தத் தம்பி. நல்ல பிள்ளை.

சரி என்று என் குரலைப் போட்டார்கள். பெட்டியிலிருந்து யாரோ ஒரு கோபக்கார டீச்சர் பூனையை விரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். நான் என்ன சொல்ல? அவரவர் குரல் அவரவருக்கு எங்கே தெரிகிறது! "இதுக்கு என் பொண்ணு வரணும்" என்றேன். அவள் வருகிறாளா என்று கேட்டார்கள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்பா இல்லாத வீட்டுக்கு வந்து என்ன செய்யப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதை அவர்களிடம் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு அப்பாவின் ஒலிநாடாக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான்தான். பால்காரரைத் திட்டுகிறேன், உன்னைக் கூப்பிடுகிறேன், அவரையே திட்டுகிறேன். அவர் மைக்குக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் நின்றிருக்கிறார். ஊருக்கெல்லாம் குரல் கேட்கப் பெட்டி செய்த மனிதர், தன் குரலில் ஒரு வார்த்தையைக்கூட வீட்டில் வைத்துவிட்டுப் போகவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது கண்ணு.

அப்பா போனில் பேசிப் பதிவுசெய்து உனக்கு அனுப்பிய பேச்சுகளை நீ அழிக்காமல் வைத்திருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். கேட்க உனக்குத் துணிச்சல் வரவில்லை என்றும் சொன்னார். தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டாம். இங்கே எடுத்துக்கொண்டு வா.

முதலில் நீ சமையலறையில் இரு, நான் கூடத்தில் என் குரலைப் போடுகிறேன். உன்னையறியாமல் நீ பதில் சொன்னால் அப்பா பேரைப் போடச் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால், அந்தத் தம்பி மறுபடி திருகாணியைக் கழற்றட்டும், அதுவும் அப்பா வழிதான். அது முடிந்ததும் நாம் இடம் மாறிக்கொள்வோம். நான் அடுப்படியில் ஏதாவது வேலையாக இருக்கிறேன். நீ அப்பாவைப் போடு. எப்போது போடுவாய் என்று மட்டும் சொல்லாதே. போன் குரல் மெலிசாக இருக்கும், அதை வைத்துப் பெட்டியை எடை போட முடியாது என்று என்ஜினீயர் தம்பி சொல்லிவிட்டது. பெட்டிக்கு வேண்டாம், எனக்கு வேண்டும். கூடத்திலிருந்து அவர் கூப்பிட்டு, நான் "இதோ வரேங்க" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் வந்து சேர். பூனை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா